ஊர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது!

திருவொற்றியூரில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பல காலமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்த மாவட்டங்கள் மூன்று!

முதலில் செங்கல்பட்டு. 1997-ல் அது பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர். 2018-ல் சென்னை.

பாட்டி வீடு மாறவில்லை. எல்லைக்கோடுதான் மாறியது. ஏன் மாறியது? அதனால் ஜனங்களுக்கு லாபமா, நஷ்டமா?

தொழில் வந்தது, ஜனம் வந்தது

ஒரு காலத்தில் திருவொற்றியூர் என்றால் தியாகராஜர் கோவிலும், பட்டினத்தார் சமாதியும், மீனவர் குப்பங்களும்தான்.

1940-களின் கடைசியில் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை வந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. தீப்பெட்டி செய்த விம்கோ கம்பெனியின் பெயர் ஒரு நகருக்கும், ரயில் நிலையத்துக்குமே பெயராகிவிட்டது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூரில் அனல் மின் நிலையம்.

வேலை இருக்கும் இடத்துக்கு ஜனங்கள் வருவார்கள். வந்தார்கள்; தங்கினார்கள்.

கணக்கு சொல்லும் கதை

2001 முதல் 2011 வரை சென்னை மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 43 லட்சத்திலிருந்து 46 லட்சமாக உயர்ந்தது. நூற்றுக்கு 7 பங்குதான் வளர்ச்சி. பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டமோ, 27 லட்சத்திலிருந்து 37 லட்சமாகியது. நூற்றுக்கு 35 பங்கு!

பட்டணம் வளர்ந்தது. ஆனால் தன் எல்லைக்கு வெளியே வளர்ந்தது.

ஆகவே 2011 அக்டோபரில் சென்னை கார்ப்பரேஷன் விரிந்தது. 174 சதுர கிலோமீட்டர், 426 ஆயிற்று. 9 முனிசிபாலிடிகள், 8 டவுன் பஞ்சாயத்துகள், 25 கிராமப் பஞ்சாயத்துகள் அதில் சேர்ந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி முனிசிபாலிடிகளும் அவற்றில் உண்டு. இன்று திருவொற்றியூர்தான் 1-வது மண்டலம்.

இரண்டு வீட்டுப் பிள்ளை

கார்ப்பரேஷன் விரிந்தது. மாவட்டம் விரியவில்லை! குப்பைக்கும் வீட்டு வரிக்கும் சென்னை. கலெக்டரைப் பார்க்கத் திருவள்ளூர். ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் வந்து வேறு ரயில் ஏற வேண்டும். இந்தச் சங்கடம் சுமார் 7 ஆண்டுகள் நீடித்தது. 2018-ல்தான் மாவட்ட எல்லையும் கார்ப்பரேஷன் எல்லையும் ஒன்றாயின.

லாபமும் நஷ்டமும்

அலைச்சல் குறைந்தது லாபம். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயிலும் வந்தது.

நஷ்டமும் உண்டு. கத்திவாக்கத்தில் சுமார் 36,000 பேர்தான். ஆனாலும் அவர்களுக்கென்று தனி மன்றமும் தனித் தலைவரும் இருந்தார்கள். இன்று 200 கவுன்சிலர்கள் உள்ள பெரிய சபையில் திருவொற்றியூர் மண்டலம் முழுவதற்கும் 14 பேர். பெரிய வீட்டில் சிறு குரல் கேட்பது கஷ்டம்.

கிராமப் பஞ்சாயத்தாக இருந்த சடையங்குப்பம், இடையஞ்சாவடி போன்ற ஊர்களில், பஞ்சாயத்தோடு கிராம சபைக் கூட்டமும் நின்றது. ஊரார் கூடி உட்கார்ந்து வரவு செலவு கேட்ட உரிமை அது.

மேலும், 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை கார்ப்பரேஷனுக்குத் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். தெருவில் சாக்கடை அடைத்தால் முறையிடக் கவுன்சிலரே இல்லை!

நம் தலையை நாம் எண்ண வேண்டும்

2021-ல் வரவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு நடக்கவில்லை. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அரசு அறிவித்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் சென்னை மாவட்டத்துக்குள் எண்ணப்படும் முதல் கணக்கு அதுதான்.

தலைக்கணக்கு சும்மா ஏட்டில் தூங்குவதல்ல. வார்டுகளைப் பிரிக்க, நிதியைப் பங்கிட, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எங்கே வேண்டும் என்று தீர்மானிக்க அதுவே ஆதாரம்.

ஆகவே கணக்கெடுப்பவர் வரும்போது, கடலுக்குப் போயிருக்கும் மகனையும், ராத்திரி ஷிப்டுக்குப் போயிருக்கும் அப்பாவையும், கைக்குழந்தையையும் மறக்காமல் சொல்லுங்கள். மாடியில் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளியும் விட்டுப் போகக்கூடாது.

கோட்டை எங்கே போடுவது என்பது அரசாங்கத்தின் கையில். கோட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று சரியாகச் சொல்வது நம் கையில்!