பத்து கோர் என்றால் பத்து மடங்கு வேகமா?



பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கச் செல்லும் பெற்றோரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது எதுவாக இருக்கிறது? "இது எட்டு கோர், அது பத்து கோர்" என்பதுதான். எண் கூடினால் வேகமும் கூடும் என்று நாமும் தலையாட்டி விடுகிறோம். நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு நடுத்தர மடிக்கணினி அந்த ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடக் கூடியது. எனவே, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொண்டு பணத்தைக் கொடுப்பதே அறிவுடைமை.

கணினியின் மூளை நுண்செயலி. அதனுள் தனித்தனியே கணக்கிட்டு வேலை செய்யும் பகுதிகளையே 'கோர்' என்கிறார்கள். முன்பெல்லாம் நம் கணினிகளில் ஒரு நுண்செயலியின் கோர்கள் அனைத்தும் ஒரே வகையாக இருந்தன. 2021 நவம்பரில் இண்டெல் நிறுவனத்தின் 12ஆம் தலைமுறை நுண்செயலிகள் வந்தபோது இந்த வழக்கம் மாறியது. ஒரே நுண்செயலியில் இரு வகைக் கோர்கள் இடம்பெற்றன. ஒன்று, மின்சாரத்தை மிகுதியாக உண்டு விரைந்து இயங்கும் 'பி' கோர். மற்றொன்று, குறைந்த மின்சாரத்தில் நிதானமாக இயங்கும் 'இ' கோர். இவற்றை விரைவுக் கோர், சிக்கனக் கோர் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

இந்த ஏற்பாடு கைப்பேசிக்குப் பழையது. ஆர்ம் நிறுவனம் 2011இலேயே இதனை அறிவித்தது. 2013இல் சாம்சுங் கைப்பேசியில் வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் எம்1 கணினிகளில் நான்கு விரைவுக் கோர்களையும் நான்கு சிக்கனக் கோர்களையும் வைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் ஜெலாப்பாங்கிலிருந்து வடக்கே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். பாரம் ஏற்றிய லாரிகள் இடப்பக்கத் தடத்தில் மெல்ல ஏறுகின்றன. கார்கள் வலப்பக்கத்தில் விரைந்து கடக்கின்றன. எல்லாரும் ஒரே தடத்தில் சென்றால் என்ன ஆகும்? லாரியின் வேகமே அனைவரின் வேகமாகிவிடும்! கணினியிலும் நச்சுநிரல் சோதனை, இயங்குதளப் புதுப்பிப்பு, கோப்புகளை இணையத்தில் சேமித்தல் போன்றவை நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் லாரிகள். அவற்றைச் சிக்கனக் கோர்களுக்கு அனுப்பிவிட்டால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பாடத்திற்கு விரைவுக் கோர் ஓய்வாகக் கிடைக்கும். வின்டோஸ் 11 இயங்குதளம் இந்தப் பிரித்தளிப்பை முந்தைய வின்டோஸ் 10ஐவிட நன்றாகச் செய்கிறது.

அப்படியானால் நம்மைப் போன்ற அன்றாடப் பயனருக்குச் சிக்கனக் கோரால் நன்மை உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஆனால், கடைக்காரர் சொல்லும் காரணத்திற்காக அன்று.

நன்மை மடிக்கணினியில்தான் தெரியும். வகுப்பறைகளில் மின்செருகிகள் எத்தனை? ஆசிரியர் ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்பிற்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு செல்கிறார். அவருக்கு வேகத்தைவிட மின்கலம் பள்ளி முடியும்வரை நிற்பதே முக்கியம். முரசு அஞ்சலில் தமிழ் தட்டச்சு செய்யவும், டெலிமா தளத்தில் பாடம் ஏற்றவும் சிக்கனக் கோர்களே போதும். அவ்வேளையில் விரைவுக் கோர்கள் உறங்கலாம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 2022இல் வந்த இரு வகைக் கோர் மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் எதிர்பார்த்த அளவு நீடிக்கவில்லை. இண்டெல் 2024இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையில்தான் பெரும் முன்னேற்றம் தெரிந்தது. அதற்குச் சிக்கனக் கோர் மட்டும் காரணமன்று. முழு வடிவமைப்பும் மாறியது. திரையும் மின்கலத்தின் அளவும்கூட இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே, 'சிக்கனக் கோர் உண்டு' என்ற சொல்லே உத்தரவாதம் ஆகிவிடாது.

இனி, எண்ணிக்கைக்கு வருவோம். கோர் ஐ5-1235யூ என்பது பத்து கோர் கொண்ட நுண்செயலி. அவற்றுள் விரைவுக் கோர் இரண்டே. மீதி எட்டும் சிக்கனக் கோர். ஏ.எம்.டி. ரைசன் 5 7530யூவில் ஆறு கோர். ஆறும் ஒரே வகை. பத்து பெரிதா, ஆறு பெரிதா என்று கேட்பதே இங்குப் பொருந்தாது. மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் சேர்த்து எண்ணுவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். கோர் ஐ3-என்305இல் எட்டு கோர். கோர் ஐ3-1315யூவில் ஆறே கோர். இரண்டிலும் 'ஐ3' என்ற பெயர்தான். ஆனால், முன்னதில் எட்டும் சிக்கனக் கோர். பின்னதில் இரண்டு விரைவுக் கோரும் நான்கு சிக்கனக் கோரும் உள்ளன. ஒரு வேலையைச் சட்டென்று முடிப்பதில் ஆறு கோர் உடையதே முந்தும். எண்ணை மட்டும் பார்ப்பவர் எட்டைத்தான் எடுப்பார்.

அதற்காகச் சிக்கனக் கோர் மட்டுமே உள்ளவற்றை இழிவாக எண்ண வேண்டா. 2023இல் வந்த என்100 நுண்செயலியில் நான்கு சிக்கனக் கோர்கள் மட்டுமே உள்ளன. அதன் மின்தேவை 6 வாட் அளவே. அதன் ஒவ்வொரு கோரும் 2015ஆம் ஆண்டின் ஸ்கைலேக் கோருக்கு ஏறத்தாழ ஈடானது. தட்டச்சு, இணையம், காணொலி வகுப்பு ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் இல்லிருப்புக் கற்றலின்போது, அப்பா வேலை முடிந்து வந்த பின்னரே கைப்பேசியில் பாடம் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! அத்தகைய வீட்டிற்கு மலிவான சிக்கனக் கோர் மடிக்கணினி ஒரு வரமே. அதனை 'எட்டு கோர்' என்று மினுக்கி, கூடுதல் விலைக்கு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பள்ளிக் கணினி அறைக்கு மேசைக் கணினி வாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் ஒரு சொல். சுவரில் செருகிய கணினிக்கு மின்கலக் கவலை இல்லை. கோர் ஐ5-12400இல் ஆறு விரைவுக் கோர்கள் உள்ளன. சிக்கனக் கோர் ஒன்றுகூட இல்லை. மாணவர் வேலைக்கு அதுவே மிகை. காணொலித் தொகுப்பு போன்ற பெரும்பணி இல்லாத அறையில், கோர் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

ஆக, கடையில் கேட்க வேண்டியவை இவை:

1. மொத்தக் கோர் எத்தனை என்று கேட்காதீர்கள். அவற்றுள் விரைவுக் கோர் எத்தனை என்று கேளுங்கள்.

2. நினைவகம் 8 ஜிபி உள்ளதா? 4 ஜிபி என்றால் எந்தக் கோராலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

3. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா? 'இஎம்எம்சி' என்றால் தயங்குங்கள்.

4. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. பழைய கணினி வாங்குவதானால் வின்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். இண்டெல் 8ஆம் தலைமுறை முதல் பெரும்பாலானவை ஏற்கும். ஒரே வகைக் கோர்தான் என்றாலும் பிள்ளையின் பாடத்திற்கு அது போதும்.

சிக்கனக் கோர் நல்ல கண்டுபிடிப்பே. நம் மின்கலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்போதுதான் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும். விளம்பர அட்டையின் எண்ணைப் பெரிதாக்க மட்டும் உதவினால், சிக்கனம் அவர்களுக்கு, செலவு நமக்கு!