ஃபார்ம் லேண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி தோரோவோட கணக்கைப் பாருங்க

"வேலையை விட்டுட்டு நாலு மரம், ஒரு கிணறுன்னு ஊர்ப்பக்கம் போயிடணும்." திங்கட்கிழமை காலையில இந்த நினைப்பு வராத சம்பளக்காரர் குறைவு. இந்த நினைப்பைத்தான் வீக்கெண்ட் ஃபார்ம் லேண்ட் விளம்பரங்கள் இஎம்ஐ-யில் விற்கின்றன. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, உங்க வயசுல ஒருத்தர் காட்டுக்குப் போனப்போ எழுதி வச்ச வரவு செலவைக் கொஞ்சம் பாருங்க.

ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் கான்கார்டு ஊர்க்காரர், ஹார்வர்டில் படித்தவர். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிசைக்குக் குடி போனார். அப்போ வயசு 27. இரண்டு வருஷம், இரண்டு மாசம் இருந்தார். இவரை இயற்கை ரசிகர்னு மட்டும் நினைக்கறோம். ஆனா 'வால்டன்' புத்தகத்தோட முதல் அத்தியாயமே பெரும்பாலும் செலவுக் கணக்குதான். வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். (நிலம் அளக்கிற சென்ட் இல்லை, காசு!) அரை சென்ட்டைக்கூட விடலை மனுஷன்.

விவசாய வருமானம்? சுமார் இரண்டரை ஏக்கர், முக்கியமா பீன்ஸ். வரவு 23.44 டாலர், செலவு 14.72½. மிச்சம் 8.71½. அடுத்த வருஷம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குதான் கொத்தினார், அதுவே மேல்னு எழுதினார். "வருஷா வருஷம் விளைச்சல் வருமானம்"னு சொல்ற ஏஜென்ட்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

அவர் கணக்கில் எனக்குப் பிடிச்ச இடம், விலையைக் காசில் நிறுத்தாம நாட்களாக மாத்தினது. 30 மைல் தள்ளி இருக்கற ஊருக்கு ரயில் கட்டணம் 90 சென்ட், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. நான் நடந்தே ராத்திரிக்குள்ள போயிடுவேன், நீ அந்தக் காசைச் சம்பாதிச்சு முடிக்கறதுக்குள்ள நான் அங்கே இருப்பேன்ங்கறார். வருஷத்துக்குச் சுமார் ஆறு வாரம் உழைத்தால் அவர் செலவு மொத்தமும் அடங்கிவிட்டது. மீதி நாட்களில் குளத்தின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்தார்: 102 அடி. பிற்காலத்தில் அவர் ஊரில் எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்ததுன்னு குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளைப் பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்கள் இன்னும் பயன்படுத்தறாங்க.

இப்போ நம்ம கணக்கு. கைக்கு வர்ற சம்பளம் 60,000, மாசம் 22 வேலை நாள்னு வச்சுக்குங்க. ஒரு நாளோட விலை சுமார் 2,727 ரூபாய். 20 லட்ச ரூபாய் பிளாட்டுக்கு 733 வேலை நாள். அதாவது ஒரு காபிகூடக் குடிக்காம, வாடகை கட்டாம இரண்டே முக்கால் வருஷம், வட்டி தனி. தோரோ காட்டில் இருந்ததே அவ்வளவு நாள் இல்லை. நிம்மதிக்காக வாங்குற நிலம், எந்த வேலையை விடணும்னு நினைச்சீங்களோ அதே வேலையில உங்களை இன்னும் இறுக்கிக் கட்டிப் போடும். என் எதிர்ப்பு இவ்வளவுதான். நிலத்து மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை.

"அவருக்கென்ன, குடும்பம் குட்டி இல்லை"ன்னு நீங்க கேட்டா நியாயம்தான். நிலம் நண்பர் எமர்சனுடையது, வாடகை இல்லை. அம்மா வீடு நடக்கிற தூரத்தில். நமக்கு அப்பா மருந்துச் செலவு, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் இருக்கு. அவர் சாப்பாட்டுச் செலவு வாரத்துக்கு 27 சென்ட். அதைக் காப்பியடிக்கச் சொல்லலை. நாட்களாக மாத்திப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

அவரும் ஒரு பண்ணையைக் கிட்டத்தட்ட வாங்கினவர்தான், ஹாலோவெல் பண்ணை. பத்திரம் முடியறதுக்குள்ள உரிமையாளரோட மனைவி மனசு மாறிட்டாங்க. ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்தா 10 டாலர் தர்றேன்னார் அவர். அப்போ தோரோ கையில் இருந்தது 10 சென்ட். பணமும் வேணாம், பண்ணையும் வேணாம்னு விட்டுட்டார். அந்த இடத்தோட அழகு மட்டும் என்கிட்டயே இருக்குன்னு பின்னாடி எழுதினார்.

ஆசை நிஜமா இருந்தா, ஒரு வருஷம் சின்னதா குத்தகைக்கு எடுத்துப் பாருங்க. ஐப்பசி மழையில ஒரு தடவை, சித்திரை வெயில்ல ஒரு தடவை கட்டாயம் போங்க. எத்தனை வீக்கெண்ட் நிஜமாவே போனீங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. பத்திரம் பதியறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.