ஆள் குறைவு என்பதற்காக எல்லையைத் தளர்த்துவதா?

நீலகிரிப் பழங்குடிகள் எண்ணிக்கையில் சிறியவர்கள். மரபணுத் தொடர்பு ஆய்வில் p-மதிப்புக்கு (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாய் வரும் வாய்ப்பு) கடுமையான எல்லை வைத்தால் உண்மையான தொடர்பும் நழுவிவிடும், 0.05 போதும் என்கிறார்கள் சிலர். நழுவும் என்பது சரி. 0.05 போதும் என்பது தவறு.

1. மரபணுத் தொகுதியில் பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 50,000 இடங்கள் 0.05-க்குக் கீழே விழும். அவற்றில் எதை நம்புவீர்கள்? 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.00000005. உலகெங்கும் கேட்கப்படும் எல்லை அதுதான்.

2. 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் இங்கே அரிவாள் அணுவைக் கண்டபோது எல்லையை இப்படி வகுத்துத் திருத்தமா செய்தார்கள்? தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாளாய் வளைகிறதா? நுண்ணோக்கியில் கண்ணுக்கே தெரியும் விடை. பத்து லட்சம் கேள்வி கேட்பவருக்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்?

3. தங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் சிறு சமூகத்தில் பலரும் உறவினர். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பொய்த் தொடர்புகள் இன்னும் பெருகும்.

ஆள் போதவில்லையா? கூடலூர்ப் பணியரிடம் கண்டதை வயநாட்டுப் பணியரிடமும், கோத்தகிரி இருளரிடம் கண்டதை அட்டப்பாடி இருளரிடமும் மறுபடி சோதியுங்கள்.