எடை குறைந்த ரிம்மும் ஏரிக்கரைச் சாலையும்

சக்கரத்தின் உறுப்புகளுக்குப் பழந்தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நடுவில் இருப்பது குறடு. அதிலிருந்து விரிபவை ஆர்கள். அவற்றைச் சுற்றி வளைந்து நிற்பது சூட்டு. இன்று சைக்கிள் கடையில் போய்ச் சூட்டு என்று கேட்டால் எவருக்கும் விளங்காது. ரிம் என்றால்தான் விளங்கும். பெயர் மாறினாலும் அதன் பணி மாறவில்லை. சாலை தரும் அடியையும் ஏறியவரின் சுமையையும் தாங்குவதே அப்பணி. இந்த எளிய உண்மை மறக்கப்படுகிறதோ என்னும் ஐயம் அண்மையில் நமக்கு எழுந்தது. அதற்குக் காரணம் நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர்.

அவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வருபவர். தாயார் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து விற்பவர். மகன் கல்லூரிகளுக்கு இடையிலான சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்கிறார். பிறர் ஓட்டிக் கழித்த டிஸ்க் பிரேக் ரோடு பைக் ஒன்றை எப்படியோ சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறார். அதற்கு எடை குறைந்த கார்பன் டியூப்லெஸ் ரிம்கள் பூட்டிய சக்கரங்கள் வேண்டுமாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்துத் தரத் தாயார் இசைந்துவிட்டார். "சோடிக்கு முந்நூறு கிராம் குறையும் ஐயா" என்றார் மாணவர். அந்த முந்நூறு கிராமுக்கு இந்தக் கடன் தகுமா என்பதே நம் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநரும் வண்டியுமாக 75 கிலோ என்று கொண்டால், 300 கிராம் என்பது அதில் 0.4 விழுக்காடு. சுழலும் விளிம்பில் உள்ள எடை, வேகம் எடுக்கும்போது மட்டும் ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்கிடப்படும் என்பது இயற்பியல். அப்படியும் 0.8 விழுக்காடுதான். சமதளத்தில் சீரான வேகத்தில் செல்லும்போது இந்தப் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கே நம்மைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை மேடு என்று சொல்லத்தக்க ஒன்றும் கிடையாது. எதிரே வருவது கடற்காற்று ஒன்றே. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளை ஏறுபவருக்கு எடை ஒரு பொருட்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஏரிக்கரையில் பயிற்சி செய்து சமதளப் பந்தயம் ஓட்டுபவருக்கு அது கடைசியில் பார்க்க வேண்டியது.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது எது? டயரை ரிம் பிடித்துக்கொள்ளும் விதம். டியூப்லெஸ் முறையில் காற்றை அடைத்து வைப்பது டயரின் ஓரமும் ரிம்மின் உட்புறமும் சேரும் இடமே. ரிம்மில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். அதில் சிறு பிழை நேர்ந்தாலும் டயர் தளரும், அல்லது ஏறவே மறுக்கும். எடையையும் செலவையும் குறைக்க, ஓரத்தில் கொக்கி வளைவு இல்லாத ரிம்கள் இப்போது பல வருகின்றன. அவற்றில் 5 பாருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 73 பிஎஸ்ஐக்கு மேல், காற்று ஏற்றலாகாது என்பது விதி. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹெண்ட் விழுந்தபோது, அவருடைய கொக்கியில்லா ரிம்மிலிருந்து டயர் கழன்றிருந்தது. கல்லில் மோதியதே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. கல் இல்லாத சாலை நமக்கு எங்கே இருக்கிறது? அளவி பார்க்காமல் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் காற்றடிக்கும் பஞ்சர் கடைகளை நம்பி ஓட்டும் பிள்ளைக்கு, கொக்கியுள்ள ரிம்மே பாதுகாப்பு என்பது நம் துணிபு.

அடுத்தது ஆரங்கள். டிஸ்க் பிரேக் வந்த பின் பிரேக் கட்டைகள் ரிம்மைத் தேய்ப்பதில்லை. ஆகவே அதன் சுவரை மெல்லியதாக்க முடிந்தது. இது நல்ல பயனே. ஆனால் நிறுத்தும் விசை இப்போது குறட்டிலிருந்து ஆரங்களின் வழியே ரிம்முக்குச் செல்கிறது. ஆரங்களைக் குறைத்து எடையைக் குறைப்பது இங்கே சிக்கனம் ஆகாது. 24 இருக்கட்டும், உடல் கனத்தவர்க்கு 28 இருக்கட்டும்.

மூன்றாவது உப்பு. இதில் நாமே பட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மிக இலேசான சக்கரங்கள் வாங்கி, வாரந்தோறும் ஏரிக்கரைக்கு ஓட்டினோம். ஆரங்களை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள் எடைக்காக அலுமினியத்தில் செய்யப்பட்டவை. இரண்டாம் ஆண்டில் அவை வெண்பொடி பூத்தன. பிறகு ஒவ்வொன்றாய் முறிந்தன. கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதைப் பிறகே கற்றோம். பித்தளை நிப்பிள்கள் போட்டிருந்தால் சோடிக்கு முப்பது நாற்பது கிராம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

டியூப்லெஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சீமைக் கருவேல முள்ளும் கிளிஞ்சல் சில்லும் நிறைந்த வழியில், உள்ளே ஊற்றும் சீலன்ட் சிறு துளைகளைத் தானே அடைப்பது பெரும் வசதி. ஆனால் அது எடையைக் குறைப்பதற்கான வழியன்று. டியூபை நீக்கி மிச்சப்படுத்திய எடையில் பாதியைச் சீலன்ட் திரும்ப எடுத்துக்கொள்ளும். நம் கோடையில் அது விரைவில் உலர்ந்தும் போகும். மாதம் ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னோம். அவர் பணிவாகவே மறுமொழி தந்தார்: "பல்கலைக்கழக அணியில இடம் கெடச்சா விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலைக்கு வழி உண்டு ஐயா. மத்தவங்க எல்லாரும் கார்பன்லதான் வராங்க. நான் மட்டும் எப்படி?" இதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. மாதச் சம்பளம் வாங்குபவர் சிக்கனம் போதிப்பது எளிது என்பதையும் உணர்ந்தோம்.

ஆயினும் நம் கருத்து மாறவில்லை. கொக்கியுள்ள நல்ல அலுமினிய டியூப்லெஸ் ரிம், பித்தளை நிப்பிள், மிச்சப் பணத்தில் உயர்தரமான டயர் இரண்டு: இதுவே அவருக்கு வேகம் தரும். நல்ல டயரின் உருளல் தடை குறைவு; ரிம்மில் குறைத்த கிராமைவிட அது தரும் பயன் பெரிது.

ஒரு காலத்தில் பழவேற்காட்டிலிருந்து மீன்கூடை கட்டிச் சென்ற கறுப்பு சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 ஆரம், பின்சக்கரத்துக்கு 40. இன்று மீன் பெரும்பாலும் மொபெட்டில் போகிறது. அந்தச் சக்கரங்களைப் பந்தயத்துக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் சுமை எங்கே விழுகிறது என்று பார்த்துப் பின்சக்கரத்துக்கு எட்டு ஆரம் கூட்டிய அறிவு இருக்கிறதே, அதைக் கைவிட வேண்டியதில்லை. இங்கே சுமை மாணவரின் வண்டியில் மட்டும் விழவில்லை. தவணை கட்டி முடியும்வரை ஏரி நீரில் நிற்கப்போகும் தாயாரின் மீதும் விழுகிறது. அதையும் சேர்த்து எடை போடச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.