டிவிக்காரன் காட்டாத ஆறு மாசம்

பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம்.

பழைய வண்டியைப் புதுப்பிப்பதாகக் காட்டும் டிவி நிகழ்ச்சிகளும் யூடியூப் வீடியோக்களும் பெரும்பாலும் பொய் என்று வீட்டில் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்பவர் ஒரே ஆள். அவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். அதனால் இங்கே எழுதுகிறேன். பொழுதுபோக்குதானே சார், இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அந்தப் பொழுதுபோக்குக்கு நம் ஊர்ப் பையன்கள் கைக்காசு கொடுக்கிறார்கள். கோபம் அதனால்தான்.

பாரிசில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் பழைய டிரெய்லர் வண்டி, உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. முதல் நிமிஷத்தில் குப்பை. இருபதாவது நிமிஷத்தில் புதுத் திரைச்சீலை, பளபளக்கும் பழைய பாணி ஃபிரிட்ஜ், கண்ணீர் விடும் அம்மாள். கீழே, "மாமா, உங்க ஸ்கூட்டரு எந்த எபிசோடுல ரோட்டுக்கு வரும்?" என்று கேள்வி. அந்த வகை டிரெய்லருக்கு உயிர்போகும் வியாதி நீர்க்கசிவு. கூரை இணைப்பிலும் ஜன்னல் ஓரத்திலும் மழைத்தண்ணீர் இறங்கி, தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டமும் தரைப் பலகையும் உளுத்துப்போகும். அதைச் சரிசெய்யத் தகட்டைக் கழற்ற வேண்டும், சட்டம் சட்டமாக மாற்ற வேண்டும். வீடியோவில் அதற்குக் கிடைத்தது பதினைந்து வினாடி, அதுவும் பாட்டோடு. திரைச்சீலைக்கு நாலு நிமிஷம்!

இது அந்த ஒரு வீடியோவின் குறையில்லை, அந்தத் தொழிலின் பழக்கம். 'ஓவர்ஹாலின்' என்ற நிகழ்ச்சி 2004-இல் வந்தது. ஒரு வாரத்தில் ஒரு காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதிதாக்குவார்கள். பின்னால் ஒரு படையே வேலை செய்யும், உதிரி பாகம் வரிசையாக வந்து நிற்கும். நம் மெக்கானிக்குக்கு இருப்பது ஒரு உதவிப் பையன், அவனும் ஐ.டி.ஐ. போகிறான். அதே 2004-இல் எம்டிவியில் தொடங்கிய 'பிம்ப் மை ரைடு' இன்னும் மோசம். சில நாளில் முடிந்ததுபோலக் காட்டிய வேலை மாதக்கணக்கில் இழுத்தது என்றும், வண்டியில் பொருத்திய சில சாமான்களைப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிக்கொண்டார்கள் என்றும் அதில் கலந்துகொண்டவர்களே பிற்பாடு பேட்டி கொடுத்தார்கள்.

நீங்கள் டிஸ்கவரியில் பார்த்திருக்கக்கூடிய 'வீலர் டீலர்ஸ்' இவற்றில் உத்தமம். மைக் ப்ரூவர் என்பவர் பழைய கார் வாங்குவார், எட் சைனா என்ற நெட்டை மனிதர் அதைச் சரிசெய்வார். எட் சைனா ஒரு பேரிங்கை மாற்றினால் அது ஏன் போனது, எப்படிக் கழற்றுவது, எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். நல்ல வாத்தியார். 2017-இல் அவர் விலகினார். பட்டறைக் காட்சிகளை எடுப்பது சிரமம், அவற்றைக் குறைக்க வேண்டும் என்று சேனல் தரப்பில் நினைத்தார்கள், அதற்கு என்னால் உடன்பட முடியாது என்று அவரே காரணம் சொன்னார். யோசித்துப் பாருங்கள். வண்டியைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சியில் வண்டியைப் புதுப்பிப்பதுதான் இடைஞ்சலாம்!

அந்த உத்தம நிகழ்ச்சியிலும் ஒரு கணக்குப் பிழை உண்டு. கடைசியில் வாங்கிய விலை, பாகங்களின் செலவு, விற்ற விலை எல்லாம் திரையில் வரும், மிச்சம் லாபம். எட் சைனா உழைத்த மணிகளுக்குக் கூலி அதில் வராது. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான், இதை எப்படி விடுவேன்? ஒரு பழைய ஸ்கூட்டர் 40,000 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் செலவு 35,000. ஒரு லட்சத்துக்கு விற்கிறோம். டிவிக் கணக்கில் லாபம் 25,000. கழற்றுவது, துரு எடுப்பது, டிங்கர் வேலை, பெயிண்ட், பூட்டுவது எல்லாம் சேர்த்து 300 மணி நேரம் என்று போடுங்கள். மணிக்கு 100 ரூபாய் கூலி கொடுத்தாலே 30,000. ஆக 5,000 ரூபாய் நஷ்டம். இடத்து வாடகையும் கரண்டு பில்லும் இன்னும் போடவில்லை.

என் மாணவன் ஒருவன் இந்தக் கணக்கைப் போடாமல் தொழிலில் இறங்கினான். எந்த வருஷத்து பேட்ச் என்று கேட்காதீர்கள். மனைவியின் நகையை அடகு வைத்து, ஷெட் வாடகைக்கு எடுத்து, ஐந்து பழைய வண்டிகளை ஒன்றாக வாங்கிப் போட்டான். ஒன்றரை வருஷத்தில் ஒன்றுதான் விற்றது. மிச்சத்தைக் காயலாங்கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். "டிவியில ஈசியா இருந்துச்சு சார்" என்றான். கெட்டிக்காரப் பையன், கை சுத்தம். இன்று மாதம் தவறாமல் வட்டி கட்டுகிறான்.

இன்னொருவன் நெல்லித்தோப்புப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறான், இருபது வருஷ அனுபவம். அவன் படும் பாடு வேறு மாதிரி. வண்டியை விட வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "பாருங்க அண்ணே, ரெண்டு நாள்ல முடிச்சிருக்கான், நீங்க மூணு மாசம் கேக்குறீங்க?" என்கிறார்களாம். கூலி சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். முப்பதாயிரத்துக்குப் போன் வாங்குகிறவர், ஒரு மாதம் குனிந்து தகடு தட்டியவனிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார். திரையில் மெக்கானிக்கின் நேரத்தை வெட்டி எறிந்தவர்கள் அவன் கூலியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

நிஜ வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்த பேச்சு. என்னிடம் இருப்பது விஜய் சூப்பர். இளையவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. 1972-இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம், இத்தாலியின் இன்னொசென்டி கம்பெனியிடமிருந்து லம்பிரட்டா செய்யும் இயந்திரங்களையே வாங்கிவந்து லக்னோவில் செய்த வண்டி. பஜாஜுக்குப் பத்து வருஷம் காத்திருந்த காலம் அது. அந்நியச் செலாவணி கட்டினால் சீக்கிரம் கிடைக்கும். வெளிநாட்டில் ஆள் இருந்த வீட்டுக்கு முதலில் வண்டி வந்தது. சொல்தா வீடுகள் நிறைந்த நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

லம்பிரட்டா ஜாதிக்கு உள்ளே குழாய்ச் சட்டம் உண்டு, மேல் தகடுகளைக் கழற்றி மாற்றலாம். பஜாஜுக்குத் தகடே எலும்பு. கால் வைக்கும் தளம் துருப்பிடித்து ஓட்டையானால் வண்டியின் நேர்கோடே போய்விடும். நம் கடற்கரை உப்புக்காற்று அந்தத் தளத்தை ரப்பர் பாய்க்கு அடியிலிருந்து தின்னும், மேலே பார்த்தால் தெரியாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கத் தெரிந்த டிங்கர் ஊருக்குச் சிலர்தான். இன்ஜின் ஜாமாகியிருந்தால் பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும், அவசரப்பட்டுச் சுத்தியல் எடுத்தால் பிஸ்டன் போச்சு. பிறகு லேத்துக்குக் கொண்டுபோய் போர் செய்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்த பிஸ்டன் கிடைக்கச் சென்னை புதுப்பேட்டைக்கு எத்தனை நடை! பெயிண்டுக்கும் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் மேல்பூச்சு வெளுத்து மங்கிவிடும். நல்ல பெயிண்டர் "தை பொறக்கட்டும் சார்" என்று திருப்பி அனுப்புவார். எந்த நிகழ்ச்சியில் தை மாதம் வரைக்கும் காத்திருந்தார்கள்?

வண்டி மட்டுமில்லை. நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே, அதே தோற்றத்தில் திரும்பக் கட்டித் திறந்தது 2021 பிப்ரவரியில். ஆறு வருஷத்துக்கு மேல். அதில் அரசாங்கத் தாமதம் எவ்வளவு, வேலை எவ்வளவு என்ற சண்டையை வேறு நாள் போடலாம். பழையதைப் பழையபடி நிறுத்துவது விளம்பர இடைவேளைக்குள் முடிகிற காரியமில்லை.

யூடியூபில் இன்னொரு கூத்து. புதுப் பொம்மைக் காரையோ கத்தியையோ வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, சேற்றில் புதைத்து, தானே கண்டெடுத்ததுபோல் எடுத்துச் சுத்தம் செய்து காட்டுகிறார்கள். குரல் கிடையாது, உறுத்தாத இசை, லட்சக்கணக்கில் பார்வை. அதைக்கூட மன்னிக்கலாம், பொம்மைதான் கெட்டது. நல்ல நிலையில் இருக்கும் அப்பா காலத்து புல்லட்டையும் ஜாவாவையும் அறுத்து, மட்கார்டை எறிந்து, 'கஃபே ரேசர்' என்று பெயர் வைக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. ஜாவா வண்டி மைசூரில் 1960 முதல் செய்தது, கம்பெனி 1996-இல் மூடியது. அறுத்ததை இனி எங்கே வாங்குவது? சட்டத்திலும் அடி விழும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 'விஏ' எழுத்துள்ள நம்பரில் விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அது பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், தினசரி ஓட்டத்துக்கும் விடக்கூடாது. அறுத்தவனுக்கு அந்தக் கதவு மூடியது.

யூடியூபில் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. கேமராவை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கார்பரேட்டரை நாற்பது நிமிஷம் நிதானமாகக் கழற்றிக் காட்டும் மெக்கானிக்குகள் தமிழிலேயே இருக்கிறார்கள். பார்வை முந்நூறு, நானூறு. நான் பார்ப்பது அவர்களைத்தான்.

இத்தனைக்கும் பிறகு ஆசை போகாதவர்களுக்கு. ஆசை நல்லதுதான், எனக்கும் இருக்கிறது. வண்டி பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் ஒட்டும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பாரிசில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஆசியாவிலிருந்து கப்பலில் வந்து புதுசு மாதிரி மின்னும் பழைய ஸ்கூட்டர்களில் பல, ரெண்டு மூணு வண்டியை ஒட்டவைத்துப் பட்டியால் மூடியவை. ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள், சேசிஸ் நம்பரை விரலால் தடவிச் சரிபாருங்கள். அதன்மேல் பட்டியோ பெயிண்டோ ஏறியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ஆனது, அதற்கு மேலும் ஏறியிருக்கிறது. இதில் ஒன்றைக்கூட எந்த நிகழ்ச்சியும் காட்டாது.

மெக்கானிக் மூன்று மாதம் என்றால் ஐந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூலியை வாரா வாரம் கொடுங்கள், முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள், அவன் வீட்டில் அடுப்பு தினம் எரிய வேண்டும். அவனிடம் செல்போனை நீட்டி வீடியோ காட்டுகிறவர் என் மாணவராக இருந்தால் தயவுசெய்து அதை வெளியே சொல்ல வேண்டாம். நெல்லித்தோப்புப் பட்டறையின் விலாசம் வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள், அவனைக் கேட்டுவிட்டுத் தருகிறேன். இப்போது மூன்று வண்டி கையில் இருக்கிறது, நாலாவது தைக்குப் பிறகுதான் எடுப்பானாம்.