போர்ப்பாட்டு அனுப்பறவங்களுக்கு ஒரு கேள்வி

இந்தப் பக்கத்துல வழக்கமா மழை, விலை, மாடுன்னுதான் எழுதுவேன். இன்னைக்குப் பாட்டைப் பத்தி எழுதறேன். கொஞ்சம் கோபமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

2025 மே மாசம் எல்லையில நாலு நாள் சண்டை நடந்ததே, அப்போ எங்க நிலத்துல மல்லாட்டை பிடுங்கிக்கிட்டு இருந்தோம். புளியமரத்தடியில பத்துப் பொம்பளைங்க உட்கார்ந்து காய் ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தாங்க. சென்னையில இருக்கற என் அக்கா மகன் ஃபோன் பண்ணான். கையெல்லாம் மண்ணா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டேன். "மாமா, டிவி பார்த்தீங்களா? இந்தத் தடவை விடவே கூடாது மாமா, ஒரேயடியா முடிச்சிடணும்" என்றான். வாட்ஸ்அப்புல ஒரு பாட்டும் அனுப்பியிருந்தான். பீரங்கிச் சத்தம், முரசுச் சத்தம், ரத்தம் கொதிக்கற குரல்.

காய் ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தவங்கள்ல ஒரு அக்காவோட பையன் அப்போ ஜம்மு பக்கம் பணியில இருந்தான். ரெண்டு நாளா அவன்கிட்டேயிருந்து ஃபோன் வரல. எங்க வேலூர் பக்கம் இப்படி ராணுவத்துக்குப் புள்ளைய அனுப்பின வீடுங்க நிறைய. அந்த அக்கா தலை நிமிராமலே கேட்டாங்க: "தம்பி, பேசற புள்ள வீட்ல இருந்து யாரு போயிருக்காங்க?"

என்கிட்ட பதில் இல்ல.

அப்புறமா இதை அக்கா மகன்கிட்ட சொன்னேன். "மாமா, அழுகைப் பாட்டெல்லாம் கோழைங்க பாடறது. பாட்டால எந்தப் போர் நின்னுருக்கு?" என்று சிரிச்சான். அவனுக்குச் சொல்ற பதில்தான் இது. அவனை மாதிரி நினைக்கற எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

எங்க ஆயாவோட அண்ணன் ரெண்டாம் உலகப்போர்ல பர்மா சண்டைக்குப் போனவர். திரும்பி வரல. உடம்பும் வரல. அந்தப் போர்ல 25 லட்சம் இந்தியர்கள் வெள்ளைக்காரன் படையில இருந்தாங்க. ரங்கூன் பக்கத்துல தாவுக்கியன்ங்கற இடத்துல ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. புதைச்ச இடம் தெரியாத ஏறக்குறைய 27,000 வீரர்களோட பேரை அங்கே தூண்கள்ல வெட்டி வெச்சிருக்காங்க. அதுல பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்ங்கதான். எங்க ஆயாவுக்கு அந்தத் தூண் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒப்பாரிதான். ஊர்ல யார் செத்தாலும் ஆயா போய் உட்கார்ந்து பாடும். ரெண்டு அடி செத்தவருக்குப் பாடும், மூணாவது அடியில அண்ணன் வந்துடுவார். கடைசியா யார் கையால தண்ணி குடிச்சே, எந்த மண்ணு உன் மேல விழுந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே போகும். நாப்பது வருஷத்துக்கு மேல அதே கேள்விங்க. பக்கத்துல நின்ன ஆம்பளைங்க துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழுததை நான் சின்னப் பையனா பார்த்திருக்கேன். வெற்றி தோல்வி, எந்த ராஜா, எந்த நாடு, எதுவும் அந்தப் பாட்டுல இருக்காது. ஒரு ஆள் போனான், வரல. அவ்வளவுதான்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்னு நினைச்சிருந்தேன். காலேஜ்ல படிக்கற என் மகள்தான் அமெரிக்காவுல பீட் சீகர்னு ஒருத்தர் பாடினதைப் போட்டுக் காட்டி அர்த்தம் சொன்னாள். பூவெல்லாம் எங்கே போச்சுன்னு கேட்கற பாட்டு. 1955ல எழுதியிருக்கார். அதுக்கு விதை எங்கேயிருந்து வந்தது தெரியுமா? ரஷ்யாவோட ஷோலகோவ் எழுதின டான் நதி நாவல்ல, கோசாக்குன்னு சொல்ற குதிரைவீரர் குடும்பத்துல பாடற ஒரு தாலாட்டுல இருந்து. ஒண்ணு எங்கே, இன்னொண்ணு எங்கேன்னு கேட்டுக்கிட்டே போய், கடைசியில ஆம்பளைங்க எங்கேன்னா போருக்குப் போயிட்டாங்கன்னு முடியற தாலாட்டு. மெட்டு, அமெரிக்க மரம்வெட்டிங்க பாடின ஒரு வேலைப்பாட்டோட மெட்டு. 1960ல ஜோ ஹிக்கர்சன்னு ஒரு இளைஞர் இன்னும் ரெண்டு அடி சேர்த்து, கல்லறையில மறுபடியும் பூ முளைக்கற மாதிரி பாட்டை வட்டமாக்கிட்டார். 1962ல மார்லீன் டீட்ரிக்னு ஒரு பாடகி அதையே ஜெர்மன்ல பாடினாங்க.

பாருங்க, ரஷ்யத் தாய் பாடினது, அமெரிக்கக் கூலியாள் மெட்டு, ஜெர்மன்காரி குரல். ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்ட, முறைச்சுக்கிட்டு நின்ன நாடுங்க இது மூணும். போர்ப்பாட்டை அப்படி எல்லை தாண்டி எடுத்துட்டுப் போக முடியுமா? அதுல எதிரி பேரு இருக்கும். அந்தப் பக்கம் போனா அது செல்லாது. எங்க ஆயா பாட்டு எங்கே போனாலும் செல்லும்.

கோழைங்க பாட்டுன்னு சொன்னான் பாருங்க, அதுக்கு வர்றேன். சீகர் இன்னொரு பாட்டு எழுதினார். 1942ல லூசியானாவுல சிப்பாய்ங்களுக்குப் பயிற்சி. கேப்டன் ஆத்தைக் கடக்கச் சொல்றான். ஆழம் அதிகம்னு சார்ஜன்ட் எச்சரிக்கை பண்றான். இந்த ஆத்தை முன்னாடி ஒரு தடவை கொஞ்சம் மேல கடந்திருக்கேனேன்னு கேப்டன் முன்னால நடந்து, சேத்துல மூழ்கிச் சாகறான். சார்ஜன்ட் மத்தவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றான். ஒரு இடத்துல முழங்கால் தண்ணி இருந்தா கொஞ்சம் தள்ளிக் கழுத்துத் தண்ணி இருக்கும்னு ஆத்தோரத்துல பிறந்த எவனுக்கும் தெரியும். வியட்நாம்ங்கற வார்த்தையே பாட்டுல கிடையாது. ஆனா 1967 செப்டம்பர்ல அவர் பாடிப் பதிவானதை சிபிஎஸ் டிவி வெட்டிடுச்சு. நிகழ்ச்சி நடத்தினவங்க விடாம போராடி, 1968 பிப்ரவரியிலதான் ஒளிபரப்பாச்சு. பாட்டுக்குச் சக்தி இல்லைன்னா அவ்வளவு பெரிய டிவி கம்பெனி ஏன் பயப்படணும்?

ஒத்துக்கறேன், அந்தப் பாட்டால போர் நிக்கல. 1975 வரைக்கும் நடந்துச்சு. 58,000க்கும் மேல அமெரிக்கச் சிப்பாய்ங்க செத்தாங்க. வியட்நாம்காரங்க செத்தது பல லட்சம். ஆனா பாட்டோட வேலை பீரங்கியை நிறுத்தறது இல்ல. கைதட்டறவன் கையை நிறுத்தறது. கைதட்டு குறைஞ்சா போர் நடத்தறவனுக்குக் கஷ்டம்.

நம்ம பட்டிமன்றத்துல பாருங்க, வீரம்னா ஒரே மகனையும் போருக்கு அனுப்பின புறநானூற்றுத் தாய்தான். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு, 279. நல்ல பாட்டுதான். ஆனா அதே புத்தகத்துல 112ஆவது பாட்டு, அப்பாவையும் மலையையும் இழந்த பாரி மகளிர் பாடினது. அஞ்சே அடி. அதை மேடையில வெச்சுக் கை தட்டச் சொல்ல முடியுமா? முடியாது. கேட்டா வாயடைச்சுப் போகும். அதனாலதான் போர் வேணும்னு பேசறப்போ யாரும் அதை எடுக்கறதில்ல.

நான் ராணுவத்துக்கு எதிரி இல்ல. எல்லைக்குக் காவல் வேணும், அதுக்கு எங்க ஊர்ப் பசங்கதான் போறாங்க. போற வீட்டுக்காரங்க பீரங்கிப் பாட்டு பாடி நான் பார்த்ததில்ல. அவங்க ஃபோனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பாடறதும் அனுப்பறதும் போகாத வீடுங்கதான். பட்டணத்துல இருந்து இதைப் படிக்கறவங்க கோபப்பட்டாலும் பரவாயில்ல. அடுத்த தடவை அந்த மாதிரி பாட்டு வந்தா, அடுத்தவனுக்குத் தள்ளி விடறதுக்கு முன்னாடி அந்த அக்கா கேட்டதை உங்களையே கேட்டுக்குங்க. நம்ம வீட்ல இருந்து யாரு போயிருக்காங்க?

அந்த அக்கா பையன் மூணாவது நாள் ராத்திரி ஃபோன் பண்ணிட்டான். மறுநாள் காலையில ஏழு மணிக்கெல்லாம் அக்கா காய் ஆய வந்துட்டாங்க. அன்னைக்குத்தான் அவங்க வாயில இருந்து ஒரு பாட்டு வந்துச்சு. அவனுக்குக் குழந்தையில பாடின தாலாட்டு.