கெலமங்கலத்தில் ரயில் நிற்பதன் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ரயில் வரலாறு ஒரு வினோதம். பஞ்சக் காலங்களில் தானியம் கொண்டு சேர்க்கவென்று ஆங்கிலேயர் அமைத்த குறுகிய பாதைகள் இரண்டு இங்கே இருந்தன. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதை 1936-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வந்த பாதை 1941-இலும் மூடப்பட்டன. ஓசூருக்கு 1960களின் இறுதியில் சேலம் - பெங்களூரு பாதை வாய்த்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை.

அந்தச் சேலம் - பெங்களூரு பாதையில்தான் கெலமங்கலம், பெரியநாகதுணை, இராயக்கோட்டை போன்ற சிறு நிலையங்கள் உள்ளன. இவற்றை வருவாயற்றவை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த வருவாய் எப்படி அளக்கப்படுகிறது? பயணச்சீட்டு எங்கே விற்றதோ அந்த நிலையத்தின் கணக்கில் தொகை சேர்கிறது. ஓசூரில் சீட்டு வாங்கிக் கெலமங்கலத்தில் இறங்கும் தொழிலாளியின் காசு ஓசூரின் வருவாய். சிற்றூர் நிலையம் பாதிப் பயணத்துக்கு மட்டுமே கணக்கில் வருகிறது. பிறகு அந்தக் கணக்கே அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது!

கட்டணக் கதையும் உண்டு. கொரோனா முடக்கத்துக்குப் பின் பயணிகள் ரயில்கள் 'சிறப்பு விரைவு' என்ற பெயரில் ஓடியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. அன்றாடக் கூலியில் போகவர 40 ரூபாய் கூடுதல் என்பது சிறு தொகையல்ல. இடைப்பட்ட காலத்தில் பேருந்துக்கும் இருசக்கர வாகனத் தவணைக்கும் மாறியவர்கள் கட்டணம் குறைந்ததுமே திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாகனம் வாங்கியவருக்குத் தவணை ஏற்கெனவே போட்ட முதல். பெட்ரோல் மட்டுமே புதிய செலவு.

எல்லையும் குறுக்கே நிற்கிறது. ஓசூர் தமிழ்நாட்டில், அதன் ரயில் நிர்வாகமோ ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். 2022-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு புறநகர் ரயில் திட்டம் ஹீலலிகேயோடு நிற்கிறது. பையப்பனஹள்ளி - ஓசூர் இரட்டைப் பாதையும் ஓசூரோடு முடிகிறது. அதற்குத் தெற்கே ஒற்றைப் பாதைதான். எதிர்வண்டிக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் பயணிகள் ரயில்தான்.

ஆகவே முதல் கோரிக்கை புதிய பாதையன்று, கால அட்டவணை. சிப்காட் ஆலைகளின் ஷிப்ட் மாறும் வேளைகளுக்கு இசைய, தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே காலையும் மாலையும் ஒரு மின்தொடர் வண்டி ஓடினால் போதும். கூடுதல் நிலம் வேண்டாம். தமிழ்நாடு அரசு இதைத் தென்மேற்கு ரயில்வேயிடம் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். இயக்க இழப்பில் ஒரு பங்கை ஏற்பதாகவும் சொல்லலாம். பேருந்துகளுக்கு மானியம் தரும் அரசுக்கு இது புதிய வழக்கமல்ல.